வெள்ளை நூல் கட்டிய பொட்டலம்: களக்காட்டுக்குப் பெயர் கேட்கப் போன கதை

இந்த வலைப்பதிவை வழக்கமாகப் படிக்கிறவர்கள் மணிமுத்தாறு அருவி, மலைச் சாலை, குளத்துக்கு வரும் நாரைகள் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். இந்த முறை அதெல்லாம் ஓரத்தில்தான். பொங்கல் கழிந்த வாரக் கடைசியில் நானும் என் கணவர் சாமும் மதுரையிலிருந்து கிளம்பி, பாளையங்கோட்டை, ஆழ்வார்குறிச்சி, களக்காடு என்று இரண்டு நாள் சுற்றினோம். போனது ஊர் பார்க்க அல்ல. ஒரு பொட்டலத்தில் இருந்த பொடிக்குப் பெயர் கேட்க.

எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருடம். பிள்ளை இல்லை. இத்தனை நாள் இதை இங்கே எழுதாததற்குக் காரணம் வெட்கம் இல்லை; எழுதினால் பின்னூட்டத்தில் ஆளுக்கொரு கஷாயம் சொல்லுவீர்கள் என்ற பயம்தான். ஏற்கெனவே பக்கத்து வீட்டிலிருந்து பால்காரர் வரைக்கும் சொல்லியாகிவிட்டது.

மதுரையில் எங்களைப் பார்க்கும் டாக்டரம்மா இந்த மாதம் ஊசி சிகிச்சையைத் தொடங்குவதாக இருந்தார். ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்தவர் நெற்றியைச் சுருக்கினார். போன வருடம் சரியாக இருந்த ஒரு ஹார்மோன் இப்போது தரையைத் தொடுகிறதாம். "வேற ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களா?" என்று கேட்டார். நாட்டு மருந்து, ஒரு பொடி என்றேன். என்ன பொடி என்றார். தெரியாது என்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"என்னன்னு தெரியாம நான் ஊசி போட மாட்டேன். பேரைக் கேட்டுட்டு வாங்க. அப்படியே சாரோட டெஸ்ட் ரிப்போர்ட்டும். அதை நான் கேக்குறது இது எத்தனாவது தடவைன்னு அவர்கிட்டயே கேளுங்க." சாம் சுவரில் ஒட்டியிருந்த குழந்தைப் படங்களைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பொடி வரும் வழியைச் சொல்லிவிடுகிறேன். சாமின் அக்கா கிரேஸ் மைனி ஆழ்வார்குறிச்சியில் பள்ளிக்கூட டீச்சர். களக்காட்டுக்குப் பக்கத்தில் மலையடிவாரத்து ஊர் ஒன்றில், ஒரு விவசாயக் குடும்பத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் பிள்ளை மருந்து கொடுக்கிறார்கள். மைனி மாதம் ஒரு ஞாயிறு ஆராதனைக்குப் போகாமல் இரண்டு பஸ் மாறிப் போய் வாங்கி, எங்களுக்குக் கூரியரில் அனுப்புவார். ஆராதனையைத் தவறவிடுவது மைனிக்குச் சின்ன விஷயம் இல்லை. மாதம் இரண்டு பொட்டலம் வரும். ஒன்றில் வெள்ளை நூல், ஒன்றில் மஞ்சள் நூல். வெள்ளை நூல் காலையில் வெறும் வயிற்றில் பாலோடு, மஞ்சள் நூல் ராத்திரி. கண்டிப்பான விதி ஒன்று உண்டு: மருந்தின் பெயரைக் கேட்கக் கூடாது. கேட்டாலும் சொன்னாலும் பலிக்காது.

ஜூனிலிருந்து சாப்பிட்டு வந்தேன். வெள்ளைப் பொட்டலம் தொடங்கிய இரண்டாம் வாரமே காலையில் குமட்ட ஆரம்பித்தது. வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது எனக்குள் ஒரு சந்தோஷம் வரும். உங்களில் சிலருக்கு அது புரியும். ஒவ்வொரு மாதமும் அந்தக் குமட்டலை நம்பினேன். ஒவ்வொரு மாதமும் தேதி வந்து ஏமாற்றியது. மைனியோ போனில், "குமட்டுதா? அப்ப மருந்து பிடிக்குது, விடாத" என்பார்.

டாக்டர் பேனாவை மூடிய அன்று ராத்திரியே முடிவு செய்தேன். பெயர் தெரியாத எதுவும் இனி என் தொண்டைக்குக் கீழே இறங்காது. பெயரைக் கேட்டு வாங்காமல் மதுரைக்குத் திரும்புவதும் இல்லை.

சனிக்கிழமை அதிகாலை ரயிலில் ஏறி ஒன்பது மணிக்குள் திருநெல்வேலி சந்திப்பில் இறங்கினோம். அல்வா பற்றி எழுத மாட்டேன், அதற்கு ஆயிரம் பேர் இருக்கிறார்கள். சந்திப்பிலிருந்து பாளையங்கோட்டைக்கு ஆட்டோக்காரர் நூற்றைம்பது ரூபாய் கேட்டார், நூற்றிருபதுக்கு வந்தார். நான் பிறந்து வளர்ந்தது பாளையங்கோட்டை. பள்ளிக்கூடமும் கோயிலும் மாறி மாறி வரும் தெருக்கள், எல்லாச் சுவரும் மஞ்சள். அங்கே ஒரு சித்த மருத்துவரிடம் நேரம் வாங்கியிருந்தேன். முறையாகப் படித்துப் பட்டம் வாங்கியவர், ஆலோசனைக்கு இருநூறு ரூபாய். பொட்டலத்தை நீட்டினால் பெயரைச் சொல்லிவிடுவார், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே வேலை முடிந்துவிடும் என்பது என் கணக்கு.

அவர் இரண்டு பொடியையும் முகர்ந்தார். விரல் நுனியில் தொட்டுப் பார்த்தார். காகிதத்தை மடித்து என்னிடமே திருப்பித் தந்தார்.

"பொடியப் பாத்துப் பேரு சொல்லுதவன நம்பாதீங்கம்மா. இடிச்ச பிறகு பாதி மருந்து பாக்க ஒண்ணு போலத்தான் இருக்கும். குடுத்தவங்களத்தான் கேக்கணும்."

"அவங்க சொல்ல மாட்டாங்களாம். சொன்னா பலிக்காதாம்."

"அப்படிச் சொல்லித்தான் எங்க ஆள்கள்ல பாதிப்பேரு மருந்தக் கூடவே குழிக்குள்ள கொண்டு போயிட்டாங்க" என்று சலித்துக்கொண்டார். பிறகு நான் கேட்காமலே ஒன்று சொன்னார். "மூலிகைன்னா ஒண்ணும் பண்ணாதுன்னு நினைக்காதீங்க. மருந்துன்னா வேலை செய்யும். ஆளு மாறிக் குடுத்தா, மாறின வேலையச் செய்யும்." அப்போது அதைப் பொதுவான புத்திமதி என்று எடுத்துக்கொண்டேன்.

மாலையில் செங்கோட்டை பாசஞ்சரில் ஆழ்வார்குறிச்சிக்குப் போனோம். ஆளுக்கு இருபது ரூபாய்க்குள் டிக்கெட், ஒன்றே கால் மணி நேரம். சேரன்மகாதேவி தாண்டியதும் இடது பக்க ஜன்னலில் உட்காருங்கள். தை மாதத்தில் வயல் முழுக்கப் பச்சை, அதற்குப் பின்னால் மலை. எவ்வளவு கவலையோடு போனாலும் அந்த ஒரு மணி நேரம் கண்ணை எடுக்க முடியாது. எதிரில் இருந்த அம்மாள் வழக்கப்படி, "எத்தன பிள்ளைய?" என்று கேட்டார். "இன்னும் இல்ல" என்றேன். அவர் வாயைத் திறப்பதற்குள் சாம் வேர்க்கடலை வாங்கி அவர் கையில் கொடுத்துவிட்டார். ஆறு வருடத்தில் அவர் கற்றுக்கொண்ட வித்தை அது.

மைனி வீட்டில் ராத்திரிச் சாப்பாடு புளியில்லாக் குழம்பும் அப்பளமும். விஷயத்தைச் சொன்னேன். மைனி கரண்டியைக் கீழே வைத்தார்.

"பேரு கேக்கவா வந்திருக்கீய? பியூலா, ஏழு மாசம் மருந்து உள்ள போயிருக்கு. இப்பப் போயிக் கேட்டா அத்தனையும் வீணாப் போயிருமே."

"கேக்காம இருந்தா ஊசி போட மாட்டாங்க மைனி."

"எந்த ஊசி என்னத்தச் செஞ்சுது? எனக்குத் தெரிஞ்சு அங்கன மருந்து சாப்பிட்டுப் பெத்தவங்க பத்துப் பேரு இருக்காங்க."

"சாப்பிட்டுப் பெறாதவங்க எத்தன பேருன்னு யாராவது சொன்னாங்களா?"

மைனிக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. எங்களுக்காக அவர் அளவுக்கு முழங்காலில் நின்றவர் யாரும் இல்லை. ஆனாலும் நான் இறங்கி வரவில்லை. கடைசியில் அவரே, "நானும் வாரேன். நான் இல்லாம உங்கள அவங்க உள்ள விட மாட்டாங்க" என்றார். சாம் வழக்கம்போல இரண்டு பேருக்கும் நடுவில் அப்பளம் நொறுக்கிக்கொண்டிருந்தார்.

ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கார் வந்தது. ஆழ்வார்குறிச்சியில் ஏறி, களக்காடு போய், மாலையில் திருநெல்வேலி சந்திப்பில் எங்களை இறக்கிவிட்டு, மைனியைத் திரும்ப வீட்டில் விட மொத்தம் மூவாயிரத்து இருநூறு ரூபாய். ஓட்டியவர் இசக்கி அண்ணாச்சி, ஐம்பது வயசிருக்கும். அம்பாசமுத்திரத்தில் டீ குடிக்க நிறுத்தியபோது மெதுவாகக் கேட்டார்.

"பிள்ளை மருந்துக்கா போறீய?"

"எப்படித் தெரியும் அண்ணாச்சி?"

"ஞாயித்துக்கிழமை காலம்பற களக்காட்டுக்குப் போற காருல பாதி அதுக்குத்தான் போவுது. மீதிப் பாதி வாழைத்தார் ஏத்தப் போவுது. உங்க முகத்தப் பாத்தா வாழைத்தாருக்குப் போற மாதிரி இல்ல."

அம்பாசமுத்திரத்தை அடுத்துத் தாமிரபரணியைத் தாண்டி, சேரன்மகாதேவியில் வலது பக்கம் திரும்பினால் களக்காட்டுச் சாலை, ஏறக்குறைய இருபத்தைந்து கிலோமீட்டர். சாலை நன்றாக இருக்கிறது. இரண்டு பக்கமும் வாழை, நடுநடுவே குளம், குளம் நிறையத் தண்ணீர். அங்கிருந்து மலையடிவாரம் நோக்கி இன்னும் கொஞ்ச தூரம். ஊர்ப் பெயரை எழுத மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன், கேட்காதீர்கள்.

டிராக்டர் நிறுத்தும் கொட்டகையில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். எங்களுக்கு முன்னால் நான்கைந்து பேர் இருந்தார்கள். ஒரு மாமியார், ஒரு அம்மா, ஒரு அக்காள் என்று எல்லாரும் யாருக்காகவோ வாங்க வந்தவர்கள். ஜோடியாக வந்தது நாங்கள் மட்டும்தான். மருந்து கொடுக்கிற அம்மாள் கொட்டகையின் அந்தக் கடைசியில் ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். கறாரான ஆள். ஒரு கையில் போன், ஒரு கையில் நூல்கண்டு. காசு கேட்பதில்லை, தட்டில் போடுவதை எண்ணிப் பார்ப்பதும் இல்லை.

எங்கள் முறை வந்ததும் மைனி முந்திக்கொண்டார். "என் தம்பி பொஞ்சாதி. வழக்கமா நான்தான் வருவேன்." நான் கைப்பையைத் திறந்து இரண்டு பொட்டலத்தையும் மேசைமேல் வைத்தேன். "அம்மா, இதுல என்ன இருக்குன்னு தெரியணும். டாக்டர் கேக்குறாங்க."

அவர் பெயர் கேட்டதற்குக் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் என் கேள்வியைக் காதிலேயே வாங்கவில்லை. வெள்ளை நூல் பொட்டலத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"இது உங்கிட்ட எதுக்கு இருக்கு?"

"நான்தானம்மா சாப்பிடுதேன். இது காலையில, மஞ்சள் ராத்திரி."

"யாரு சொன்னா? மஞ்ச நூலு பொம்பளைக்கு. வெள்ள நூலு ஆம்பளைக்கு. உன் வீட்டுக்காரரு சாப்பிட வேண்டியத நீ சாப்பிட்டுக்கிட்டு இருக்க."

நான் மைனியைப் பார்த்தேன். மைனி தரையைப் பார்த்தார். சாம் முதல் தடவையாக வாயைத் திறந்து, "அக்கா, இது உனக்குத் தெரியுமா?" என்றார்.

"தெரியும்" என்றார் மைனி. குரல் மிகவும் சன்னமாக இருந்தது. "நம்ம குடும்பத்துல ஆம்பளைக்கு அப்படி ஒரு குறை கிடையாதுலே. உங்கிட்ட மருந்தக் கொண்டாந்து குடுத்தா உன் மனசு என்னத்துக்கு ஆகும்? ஆனா மருந்தத் தூரப் போடக் கூடாதுல்லா. ரெண்டையும் இவளே சாப்பிட்டா ரெட்டிப்பாப் பலிக்கும்னு நினைச்சேன். அதான் காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணுன்னு சொன்னேன்."

கோபம் வந்தது. நன்றாகவே வந்தது. ஏழு மாதம் தம்பியின் மனசு நோகக் கூடாது என்பதற்காக என் வயிறு நொந்திருக்கிறது. பெயர் கேட்கக் கூடாது என்ற விதி மட்டும் இல்லாதிருந்தால், முதல் மாதமே நான் கேட்டிருப்பேன், முதல் மாதமே தெரிந்திருக்கும். அதை அந்த அம்மாளிடம் சொன்னேன். "ஆளப் பாக்காம, வந்தவங்க கையில குடுத்து விட்டீங்க. யாருக்கு எதுன்னு சாப்பிடுறவளுக்கே தெரியக் கூடாதுன்னா, இப்படித்தான் நடக்கும்." காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவர் நூல்கண்டை மேசைமேல் வைத்தார். "ஆளப் பாக்காமக் குடுத்தது என் தப்புதான்" என்றார். "ஆனா வாயால பேரு சொல்ல மாட்டேன். வாக்கு குடுத்து வாங்கின மருந்து. வேணும்னா வா, காட்டுதேன். பாத்துத் தெரிஞ்சுக்கிட வேண்டியது உன் சமத்து."

கொட்டகைக்குப் பின்னால் வாழைத்தோட்டம். ஓரத்தில் நெடுநெடுவென்று நின்ற மரங்களைக் கைகாட்டி, "இதுதான் மஞ்சளு" என்றார். எனக்கு வேம்பு போலத் தெரிந்தது, வேம்பு இல்லை. அதற்குள் இசக்கி அண்ணாச்சி பின்னாலேயே வந்துவிட்டார். "இது மலைவேம்புல்லா. பிளைவுட்டுக்குன்னு எங்க ஊர்லயும் நட்டிருக்காவ" என்றார். அந்த அம்மாள் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. எழுதிக்கொண்டேன்.

அடுத்தது வேலி. வேலி முழுக்கப் படர்ந்த ஒரு கொடி, அதில் கொத்துக் கொத்தாகச் செம்பட்டை நிறக் காய்கள், வெல்வெட் போல மினுமினு என்று. "இதுதான் வெள்ளை. இதோட விதை" என்றார். எனக்குத் தெரியவில்லை. அண்ணாச்சி காரைப் பார்க்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஆனால் அந்த அம்மாள் அவரை ஒரு முறை முறைத்திருந்தார்.

சாம் என்ன நினைத்தாரோ தெரியாது. ஏழு மாதமாகத் தனக்கு வந்த மருந்தைக் கையில் எடுத்துப் பார்க்கலாம் என்று தோன்றியிருக்கும். யாரும் தடுப்பதற்குள் ஒரு கொத்தைப் பிடித்துப் பறித்துவிட்டார்.

இரண்டு வினாடி ஒன்றும் இல்லை. பிறகு கையை உதறினார். சொறிந்தார். மணிக்கட்டு, முழங்கை, கழுத்து என்று ஏறியது. ஆறு வருடமாக டாக்டர் முன்னால் வாயே திறக்காத மனுஷன் வாழைத்தோட்டம் அதிரக் கத்தினார். "ஐயோ, பூனைக்காலி! ஸ்கூல்ல என் பெஞ்சில போட்டானுவளே, அதே பூனைக்காலி!"

அந்த அம்மாளின் முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. "நான் சொல்லலம்மா. அதுவே சொல்லிட்டு" என்றார். பிறகு, "தண்ணி ஊத்திராதீங்க, பரவும்" என்று சொல்லித் தொழுவத்துக்குப் போய்ச் சாணி அள்ளிக்கொண்டு வந்தார். மைனிதான் வாங்கிச் சாமின் கையில் தோள்வரை அப்பினார், அழுதுகொண்டே. சிரிக்கவும் முடியாமல், கோபத்தை விடவும் முடியாமல் நான் நின்றேன்.

புறப்படும்போது கொட்டகையில் ஒரு காரியம் நடந்தது. தட்டில் காசு போட்டுவிட்டு மருமகளுக்கு மருந்து கேட்ட ஒரு மாமியாரிடம் அந்த அம்மாள், "மகனையும் மருமகளையும் கூட்டிட்டு வா, அப்பத்தான் மருந்து" என்று சொல்லி அனுப்பினார். அந்த மாமியார் என்னை முறைத்துக்கொண்டே போனார்.

களக்காட்டில் சாப்பாடு நூறு ரூபாய், வாழை இலையில். சாம் இடது கையால் சாப்பிட்டார். கடைத்தெருவில் ஏத்தன் பழம், அதாவது நேந்திரம், மலிவாகக் கிடைக்கும், மறக்காமல் வாங்குங்கள். திரும்பும் வழியில் ஆற்றில் சாம் காய்ந்த சாணியைக் கழுவ இறங்கினார். மைனி காரிலேயே இருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "என்ன மன்னிச்சிருவியா?" என்றார். "மன்னிச்சாச்சு மைனி. ஆனா இனிமே என் வயித்துக்குள்ள என்ன போகணும்னு நான்தான் முடிவு பண்ணுவேன்" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார், திருநெல்வேலி வரும்வரை விடவில்லை.

மறுநாள் காலை சாம் யாரும் சொல்லாமலே பரிசோதனைக் கூடத்துக்குப் போனார். கையில் தடிப்பு முழுக்க அடங்கியிருக்கவில்லை. இரண்டு நாள் கழித்து முடிவோடு டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்தோம். பூனைக்காலி என்றதும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அந்த விதையில் இருக்கும் சத்து, கை நடுக்க நோய்க்குக் கொடுக்கும் ஒரு மாத்திரையின் சத்துதானாம். குமட்டும். அந்த ஹார்மோனையும் கீழே இறக்கும். ஆண்களுக்கு அது உதவலாம் என்கிறார்கள், அதுவும் ஆளைப் பார்த்து, அளவு பார்த்து. மலைவேம்பை ஊரே குடிக்கிறது. ஆனால் ஊசியோடு சேர்ந்தால் என்ன செய்யும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, அதனால் அதையும் நிறுத்தச் சொன்னார்.

பிறகு என்னைப் பார்த்து, "ஏம்மா, என்னன்னே தெரியாம ஏழு மாசமா சாப்பிட்டீங்க?" என்று கேட்டார். எனக்கு முன்பே சாம் பேசினார்.

"அது எனக்கு வந்த மருந்து டாக்டர். நான் சாப்பிட வேண்டியதை இவ சாப்பிட்டிருக்கா. என் ரிப்போர்ட்டை முதல்ல பாருங்க." காகிதத்தை அவரே பிரித்து மேசைமேல் வைத்தார். எண்ணிக்கை குறைவுதான். சிகிச்சை இருக்கிறது என்றார் டாக்டர்.

இனி, இதே காரியமாகக் கிளம்புகிறவர்களுக்கு. ஞாயிறு காலை ஏழு மணிக்குள் களக்காடு சேர வேண்டுமானால் முந்தின நாளே அம்பாசமுத்திரத்திலோ சேரன்மகாதேவியிலோ தங்குங்கள். பஸ்ஸை நம்பினால் மத்தியானம் ஆகிவிடும். மூலிகை மருந்து வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முறையாகப் படித்த சித்த மருத்துவர்கள் பாளையங்கோட்டையிலேயே இருக்கிறார்கள், அவர்கள் பெயரைச் சொல்லித்தான் மருந்து தருகிறார்கள். பெயர் சொன்னால் பலிக்காத மருந்து எதுவாக இருந்தாலும் அது உங்களுக்கு வேண்டாம். சாப்பிட்டுக்கொண்டிருப்பதை உங்கள் டாக்டரிடம் மறைக்காதீர்கள். முக்கியமாக, இரண்டு பேரும் போங்கள். அத்தை, அக்காள், மாமியார் எவ்வளவு பாசமானவர்களாக இருந்தாலும் வாங்கி வரச் சொல்லாதீர்கள். வேலியில் அழகாக எது தொங்கினாலும் கை வைக்காதீர்கள், முழுக்கைச் சட்டை நல்லது.

ஊசி சிகிச்சை இரண்டு மாதம் தள்ளிப் போயிருக்கிறது, என் உடம்பு பழைய கணக்குக்குத் திரும்ப. பொடியை நிறுத்திய சில நாளில் குமட்டல் நின்றுவிட்டது. முதல் நாள் காலையில் வாஷ்பேசின் முன்னால் நின்று, ஒன்றும் வராமல், கொஞ்சம் அழுதேன். பொய்யாக இருந்தாலும் ஏழு மாதம் கூட இருந்த நம்பிக்கை அது. இப்போது தினமும் எழுந்து பல் தேய்த்துக் காபி குடிக்கிறேன், வயிறு அமைதியாக இருக்கிறது. இனி ஒரு நாள் காலையில் எனக்குக் குமட்டினால், அதற்குப் பெயர் யாரிடமும் போய்க் கேட்க வேண்டியிருக்காது.